8 டிபிஐ ஆண்டெனா போட்டால் எஃப்சிசி எண் செல்லுமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் ஸ்டார்ட்டர் பேனல் செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. வீட்டில் இருந்தபடியே தோட்டத்து போர்வெல் மோட்டாரைப் போட்டு நிறுத்த, லோரா (குறைந்த பவரில் நெடுந்தூரம் பேசும் ரேடியோ முறை) மாட்யூல் வைத்த ரிமோட் செட் இரண்டு வருடமாக விற்கிறோம். 866 மெகாஹெர்ட்ஸ், 100 மில்லிவாட். மாட்யூல் 850 முதல் 930 வரை எதிலும் ஓடும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. கூடவே வந்த 2 டிபிஐ (ஆண்டெனா சிக்னலைக் குவிக்கும் அளவு) ரப்பர் ஆண்டெனாவை பேனல் பக்கவாட்டில் மாட்டினோம்; தென்னந்தோப்பில் 500 மீட்டர் தாண்டவில்லை. இப்போது ஆன்லைனில் 8 டிபிஐ ஃபைபர்கிளாஸ் ஆண்டெனா வாங்கியிருக்கிறோம். இதற்கிடையில் அமெரிக்காவில் ஒருவர் 50 செட் கேட்டு, எஃப்சிசி (அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம்) பேப்பர் அனுப்பச் சொல்கிறார். மாட்யூல் மேலேயே எஃப்சிசி எண்ணும் ஐரோப்பாவுக்கான சிஇ முத்திரையும் இருக்கின்றன. அதையே போட்டோ எடுத்து அனுப்பினால் போதுமா? ஆண்டெனா மாற்றியதால் ஏதாவது சிக்கல் வருமா?

— வாசகர், கோவை

அன்புள்ள ஐயா,

போட்டோவை இன்னும் அனுப்பாமல் இருந்தால் அப்படியே நிறுத்தி வையுங்கள். அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை, பெட்டியை மட்டும் இப்போது அனுப்ப வேண்டாம். உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: எந்த அலைவரிசை, எந்த ஆண்டெனா, எந்த நாடு. மாட்யூல் தகரத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எண் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பேசுகிறது.

முதலில் அந்த எண் என்னவென்று பார்ப்போம். எஃப்சிசி எண் வண்டியின் ஆர்.சி. புத்தகம் மாதிரி, யார் வேண்டுமானாலும் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எஃப்சிசியின் தளத்தில் தேடினால் கிராண்ட் எனப்படும் அனுமதிப் பத்திரம், டெஸ்ட் ரிப்போர்ட், உள்ளே இருக்கும் போர்டின் படங்கள் எல்லாம் வரும். இன்று சாயங்காலமே உட்கார்ந்து பாருங்கள். முதல் வேலை, அந்தப் படத்தில் இருக்கும் போர்டும் உங்கள் கையில் இருக்கும் போர்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவது. ஒரே தகர மூடி, ஒரே எண், உள்ளே வேறு போர்டு என்று வந்த மாட்யூல்களை நான் பார்த்திருக்கிறேன். விலை மலிவாக இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்து கிராண்டில் அலைவரிசை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்த ரக மாட்யூல்களில் 902-க்கும் 928-க்கும் இடையில் ஏதோ ஒரு வரம்புதான் இருக்கும். டேட்டாஷீட்டில் சொல்லும் 850–930 சிப்பின் திறமை. கிராண்டில் இருப்பதுதான் அனுமதி. நீங்கள் ஓட்டும் 866, அமெரிக்காவில் 851 முதல் 869 வரையுள்ள பட்டைக்குள் விழுகிறது. அது போலீஸ், தீயணைப்பு உட்பட உரிமம் பெற்ற தரைவழி ரேடியோ சேவைகளின் இடம். ஆகவே இங்கே விற்கும் செட்டை அப்படியே அங்கே கொண்டுபோய் ஓட்டுவது எந்த ஆண்டெனா போட்டாலும் முடியாத காரியம்.

‘சரி, புரோகிராமில் 866-ஐ 915 என்று மாற்றிவிடுகிறேன்’ என்று சொல்வீர்கள். அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. உரிமம் இல்லாமல் 902–928-இல் 1 வாட் வரை அனுப்ப இடம் தரும் எஃப்சிசி விதி 15.247. அது முக்கியமாக இரண்டு வழி தருகிறது. ஒன்று, சிக்னலின் அகலம் குறைந்தது 500 கிலோஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் சேனல் விட்டு சேனல் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மாதிரி குறுகிய சிக்னலுக்கு 1 வாட் வேண்டுமென்றால் குறைந்தது 50 சேனல். நீங்கள் 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரே சேனலில் நின்று ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறோம், இங்கே அது சரியும்கூட. அங்கே இரண்டு வழியிலும் சேராது. மாட்யூல் எந்த வழியில் சான்று வாங்கியிருக்கிறது என்று கிராண்டிலும் ரிப்போர்ட்டிலும் தெளிவாக இருக்கும். உங்கள் புரோகிராம் அந்த வழியிலேயே நடக்க வேண்டும்.

இப்போது ஆண்டெனா. நீங்கள் மனதில் போட்டிருக்கும் கணக்கு எனக்குத் தெரியும், ஏனென்றால் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதையே போட்டேன். 100 மில்லிவாட் என்றால் 20 டிபிஎம் (1 மில்லிவாட்டை அடிப்படையாக வைத்த டெசிபல் கணக்கு). அதோடு 8 டிபிஐ சேர்த்தால் 28 டிபிஎம். அமெரிக்க வரம்பு 1 வாட், அதாவது 30 டிபிஎம், கூடவே 6 டிபிஐ வரை ஆண்டெனா போடலாம், ஆக 36. ஆண்டெனா 6-ஐத் தாண்டினால் தாண்டிய அளவுக்குப் பவரைக் குறைக்க வேண்டும், நமக்கோ 10 டிபி ஏற்கெனவே குறைவு. 28 எங்கே, 36 எங்கே! பிறகு என்ன தப்பு?

பவர் வரம்பில் தப்பே இல்லை. ஆனால் சான்று கொடுத்த லேப் உங்கள் 8 டிபிஐ குச்சியைப் பார்த்ததே இல்லை. விதி 15.204 சொல்வது இதுதான்: எந்த ஆண்டெனாவோடு சேர்த்துச் சோதித்தார்களோ, அதே ரகமும் அதற்குச் சமமான அல்லது குறைந்த கெயினும் (டிபிஐ அளவும்) உள்ள ஆண்டெனாவை மறுசோதனை இல்லாமல் போட்டுக்கொள்ளலாம். ரிப்போர்ட்டில் 2 டிபிஐ டைபோல் (இரண்டு கை உள்ள எளிய ஆண்டெனா ரகம்) என்று இருந்தால், வேறு கம்பெனியின் 2 டிபிஐ டைபோலுக்கு மாறுவதில் குற்றமில்லை. 8-க்குப் போனால் அந்தச் சலுகை போய்விடும். சான்று என்பது மாட்யூலும் ஆண்டெனாவும் சேர்ந்த ஜோடிக்குக் கொடுத்தது. ஜோடி பிரிந்தால் மேலே அச்சிட்ட எண் வெறும் மைதான்.

இது வெறும் காகித விவகாரம் என்று நினைக்க வேண்டாம், இதற்குள் இயற்பியல் இருக்கிறது. எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அலைவரிசையின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கில் கொஞ்சம் கசியும். 915-இன் மூன்று மடங்கு 2745 மெகாஹெர்ட்ஸ். அது 2690–2900 என்ற தடைசெய்த பட்டைக்குள் விழுகிறது. அங்கே 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 500 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் கசியக்கூடாது. இதைப் பவராக மாற்றினால் ஏறத்தாழ மைனஸ் 41 டிபிஎம். உங்கள் சிக்னல் 20 டிபிஎம். கசிவு அதைவிட 61 டிபி கீழே, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் ஆண்டெனா காலை வாரும். கால் அலைநீளக் கம்பி மூன்று மடங்கு அலைவரிசையில் முக்கால் அலைநீளக் கம்பி ஆகிவிடுகிறது. கால் அலை எவ்வளவு நன்றாகப் பாடுமோ, முக்காலும் அவ்வளவு நன்றாகப் பாடும். ஆகவே 915-இல் ஒரே மாதிரி வேலை செய்யும் இரண்டு ஆண்டெனாக்கள் 2745-இல் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். வேறு ஆண்டெனாவை லேப் மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே அனுபவம். சான்று வாங்கும்போது போட்டிருந்த ஆண்டெனா ஸ்டாக் இல்லை என்று கொள்முதல் பிரிவு வேறொன்றை வாங்கிவிட்டது. நீளம் ஒன்று, நிறம் ஒன்று, கெயின் ஒன்று. வாடிக்கையாளர் தன் பக்கத்தில் சோதித்தபோது மூன்றாம் மடங்கில் 7 டிபி அதிகம். பெட்டிகள் எல்லாம் ஏற்கெனவே கப்பலில். ஆண்டெனா விலையில் மிச்சம் பிடித்தது ஒன்றுக்குச் சில ரூபாய். அதை யார் கணக்கில் எழுதுவது என்று மூன்று மாதம் சண்டை நடந்தது. அன்றிலிருந்து பொருள் பட்டியலில் ஆண்டெனா வரிக்குப் பக்கத்தில் ‘மாற்றக்கூடாது’ என்று சிவப்பில் எழுதும் பழக்கம் வந்தது. நீங்களும் எழுதிவையுங்கள்.

8 டிபிஐ-தான் வேண்டும் என்று நின்றாலும் வழி உண்டு. மாட்யூல் கம்பெனியே புது ஆண்டெனாவைச் சோதித்து அனுமதியை விரிவாக்கிக் கொடுக்கலாம். அல்லது அவர்கள் சம்மதக் கடிதத்தோடு நீங்கள் உங்கள் பெயரில் புது எண் வாங்கி, பிறகு விரிவாக்கலாம். இரண்டுக்கும் லேப் செலவு உண்டு. 50 செட்டுக்கு இது கட்டாது என்பது என் எண்ணம். 5,000 செட் என்றால் வேறு பேச்சு.

பட்டியலில் இருக்கும் ஆண்டெனாவோடு நின்றுவிட்டால் உங்கள் வேலை மிகவும் குறைந்துவிடும். பேனல் வெளியே ‘இதற்குள் இந்த எஃப்சிசி எண் உள்ளது’ என்ற பொருளில் ஒரு லேபிள், கையேட்டில் மாட்யூல் கம்பெனி கேட்கும் வாசகங்கள், ஆளிடமிருந்து 20 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்லியிருந்தால் அந்த நிபந்தனை. அதற்கு மேல் உங்கள் சொந்த போர்டு, பவர் சப்ளை ஆகியவற்றின் இரைச்சலுக்கு ஒரு சோதனை செய்து நீங்களே உறுதிமொழி கொடுக்க வேண்டும். இந்த உறுதிமொழிக்குப் பொறுப்பாளர் அமெரிக்காவில் முகவரி உள்ளவராக இருக்க வேண்டும்; உங்கள் வாங்குபவரே அந்தப் பொறுப்பை ஏற்பாரா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பெரும்பாலான பேச்சுவார்த்தை இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. பேனலின் மின்பாதுகாப்புச் சான்று தனி. அது என் துறை இல்லை.

இன்னொன்று. விதி 15.203-இன்படி, வாங்கியவர் தன் இஷ்டத்துக்கு வேறு ஆண்டெனா மாட்ட முடியாதபடி, அது நிரந்தரமாகப் பொருத்தியதாகவோ சாதாரணமாகக் கிடைக்காத கனெக்டர் உள்ளதாகவோ இருக்க வேண்டும். எஸ்எம்ஏ எனும் திருகு ஆண்டெனா கனெக்டரில் பின்னும் துளையும் இடம் மாறிய ஆர்பி-எஸ்எம்ஏ ரகம் பரவியதே இந்த விதியால்தான். உங்கள் பேனலில் சாதாரண எஸ்எம்ஏ இருந்தால் அமெரிக்காவுக்குப் போகும் செட்டில் மாற்ற வேண்டியிருக்கும்.

கனெக்டர் பேச்சு வந்ததால் ஒரு வேலை சொல்கிறேன், இதை அமெரிக்க ஆர்டருக்காக அல்ல, உங்கள் தென்னந்தோப்புக்காகச் செய்யுங்கள். பேனலில் இருக்கும் ஒரு ஆண்டெனாவைத் திருகிக் கழற்றி இரண்டு முனையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் நடுவே பின் இருக்க வேண்டும், மற்றதில் துளை. இரண்டிலும் துளையாக இருந்தால், அது எஸ்எம்ஏவும் ஆர்பி-எஸ்எம்ஏவும் கலந்த ஜோடி. கச்சிதமாகத் திருகி இறுகும், வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது, உள்ளே நடுக்கம்பி எதையும் தொடாது. அந்த நிலையிலும் லோரா 100, 200 மீட்டர் எட்டிவிடும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. 500 மீட்டரில் நிற்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

அது சரியாக இருந்தால் அடுத்த குற்றவாளி ஆண்டெனா நிற்கும் இடம். இடுப்பு உயரத்தில், இரும்புப் பெட்டியின் பக்கவாட்டில், சுற்றிலும் ஈரமான தென்னை மட்டை. டைபோல் ஆண்டெனாவை இரும்புத் தகட்டை ஒட்டி நிறுத்தினால் அதன் ஒத்ததிர்வே வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். அதைவிட முக்கியம், ரேடியோ அலை நூல் பிடித்தது போல ஒரு கோட்டில் போவதில்லை. நடுவில் உப்பிய ஒரு குழாய் வடிவில் இடம் கேட்கும். 866 மெகாஹெர்ட்ஸில் 1 கி.மீ. தூரத்துக்கு அந்தக் குழாயின் நடு ஆரம் 9 மீட்டருக்குச் சற்று மேல். உங்கள் இரண்டு ஆண்டெனாவும் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்தக் குழாயில் பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. சமதரையில் தொலைதூரத்துக்கு, ஒரு முனையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் ஏறத்தாழ 6 டிபி லாபம். 1 மீட்டரில் இருப்பதை 4 மீட்டர் ஜிஐ பைப்பில் ஏற்றினால் 12 டிபி. 2-க்குப் பதில் 8 டிபிஐ போடுவதால் கிடைப்பது 6-தான், அதுவும் அந்த ஆண்டெனா உண்மை பேசினால்.

பேசுகிறதா என்று அளவு டேப்பை வைத்தே பார்க்கலாம். 866-இன் அலைநீளம் சுமார் 35 செ.மீ. எல்லாப் பக்கமும் பரப்பும் குச்சி ஆண்டெனா 8 டிபிஐ தர வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்று அலைநீளம், அதாவது 1 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். உங்கள் கையில் இருப்பது முழங்கை நீளம்தான் என்றால் 8 என்பது லேபிளில் மட்டும்தான். உண்மையான நீளக் குச்சி என்றாலும் அது மேலேயும் கீழேயும் போகும் சக்தியைத் தட்டையாக அமுக்கித்தான் அந்தக் கெயினைத் தருகிறது; ஆனைமலை அடிவாரம் மாதிரி மேடுபள்ளமான தோட்டத்தில் மேட்டில் இருக்கும் வீட்டுக்கு சிக்னல் தலைக்கு மேலோ காலுக்குக் கீழோ போய்விடலாம்.

உயரத்தில் ஏற்றும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் பிசகு, பேனலைக் கீழே வைத்துவிட்டு மெல்லிய ஆர்ஜி-174 கேபிளை மேலே இழுப்பது. இந்த அலைவரிசையில் அது மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிபி விழுங்கும். 5 மீட்டர் இழுத்தால் ஏறியதில் பாதிக்குக் கிட்ட போய்விடும். அதற்குப் பதில் ரேடியோவையே மேலே ஏற்றுங்கள். மாட்யூல், அதன் பட்டியலில் உள்ள அதே 2 டிபிஐ ஆண்டெனா, இரண்டையும் மழை புகாத ஏபிஎஸ் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கம்பத்து உச்சியில் மாட்டி, கீழே பேனலுக்கு நான்கு கம்பியில் சப்ளையும் ஆர்எஸ்-485 எனும் தகவல் இணைப்பும் இறக்குங்கள். இடி மின்னல் காலத்துக்கு சர்ஜ் பாதுகாப்பு போட மறக்க வேண்டாம். ரேஞ்சும் கிடைக்கும், மாட்யூலின் சான்று ஜோடியும் கலையாது. உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே டப்பா பதில் சொல்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

நம் நாட்டு நிலவரம் பவர் விஷயத்தில் தாராளமானது. 2005-இல் 865–867 உரிமம் இல்லாமல் திறந்துவிடப்பட்டது, 2021-இல் 868 வரை நீண்டது. டிரான்ஸ்மிட்டர் 1 வாட், கதிர்வீச்சு 4 வாட் ஈஆர்பி (டைபோலோடு ஒப்பிட்டு, ஆண்டெனாவின் கெயினையும் சேர்த்த பவர்), அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். உங்கள் 125 அதற்குள் அடங்கும். ரேஞ்ச் பரிசோதனையில் யாராவது 500 என்று மாற்றி வைத்திருந்தால் அடங்காது. 8 டிபிஐ போட்டாலும் உங்கள் ஈஆர்பி அரை வாட்டுக்குக் கீழேதான். ஆனால் மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் ஈடிஏ, அதாவது கருவி வகை ஒப்புதல் வேண்டும். மாட்யூலை யாரிடம் வாங்குகிறீர்களோ அவரிடம், எந்த மாடலுக்கு, யார் பெயரில், எந்த அலைவரிசைக்கு ஈடிஏ இருக்கிறது என்று நகல் கேட்டு வாங்கி வையுங்கள். நேராக இறக்குமதி செய்தால் கஸ்டம்ஸில் முதலில் கேட்பதே அதைத்தான். நகல் தர இழுத்தடிக்கும் வியாபாரியிடம் இரண்டாவது முறை வாங்க வேண்டாம். சந்தையில் 433 மெகாஹெர்ட்ஸ் 1 வாட் மாட்யூல்கள் மலிவாகக் கிடைக்கின்றன, ரேஞ்ச் நன்றாக இருக்கிறது என்று போட்டியாளர்கள் மாறியிருக்கலாம். இங்கே அந்தப் பட்டையில் 10 மில்லிவாட், அதுவும் கட்டடத்துக்குள்தான். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சிஇ முத்திரையைப் பற்றி ஒரு பத்தி போதும். அதற்கு எஃப்சிசி மாதிரி தேடிப் பார்க்கும் எண் கிடையாது. முழுப் பொருளுக்கும் அதைச் செய்பவர் தானே கொடுக்கும் உறுதிமொழி அது; மாட்யூலின் முத்திரை உங்கள் பேனலுக்கு ஒட்டாது. ஐரோப்பாவில் 868.0–868.6-இல் வரம்பு 25 மில்லிவாட் ஈஆர்பி. உங்கள் 20 டிபிஎம்-உம் 8 டிபிஐ-உம் சேர்ந்தால் 385 மில்லிவாட், 15 மடங்கு. இங்கே அரை வாட்டுக்குள் என்று நிம்மதியாக விட்ட அதே செட் அங்கே நேரடி மீறல். ஒரு மணி நேரத்தில் 1 சதவீதம், அதாவது 36 விநாடிதான் பேசலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு. லோராவின் மிக மெதுவான வேகமான எஸ்எஃப் 12-இல் 20 பைட் செய்தி ஒன்றுக்கே 1.3 விநாடி ஆகும், எண்ணிப் பாருங்கள். 869.4–869.65-இல் 500 மில்லிவாட்டும் 10 சதவீதமும் தருகிறார்கள். ஐரோப்பிய ஆர்டர் வந்தால் அந்தச் சின்னச் சந்தில் நுழைவதைப் பற்றி அப்போது பேசலாம்.

அமெரிக்க நண்பருக்கு இப்படி எழுதுங்கள்: ‘இப்போதுள்ள செட் இந்திய அலைவரிசைக்கானது, அதை அனுப்ப முடியாது. 902–928-க்கான செட்டை, மாட்யூலின் எஃப்சிசி ரிப்போர்ட்டில் உள்ள ஆண்டெனாவோடு, தனி ரேடியோ டப்பாவாகச் செய்து தருகிறோம். இரைச்சல் சோதனை ரிப்போர்ட்டை நாங்கள் தருகிறோம். அங்கே பொறுப்பாளராக நீங்கள் இருப்பீர்களா?’ கூடவே கிராண்டின் நகலையும், ஆண்டெனா பட்டியல் இருக்கும் பக்கத்தையும் இணையுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு லேப்பில் தேதி வாங்கினால் போதும். அதற்கு முன் இன்றைக்கே அந்த எஸ்எம்ஏ முனையைக் கழற்றிப் பார்த்து, துளையா பின்னா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.